இடது கம்பம்

ஆகஸ்ட் 28, திங்கள்

எடை 74. தூக்கம் ஏழு மணி நேரம். காலையில் நான்கு இட்லி, இரண்டு முட்டை.

நெய்தல் எஃப்.சி. அகாடமியில் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றே கையில் ஒரு நோட்டைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். எடை, தூக்கம், சாப்பாடு, அதற்குப் பிறகு அன்று நடந்தது. ஒன்பது வருடத்தில் இது பதினோராவது நோட்டு. இப்போது யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. நான்தான் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் முதல் கோல்கீப்பர் மெல்வின் அண்ணனுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. இந்த சீசன் அவருக்கு இல்லை. அவருக்கு அடுத்தவன் நான். லீக் தொடங்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

கோல்கீப்பர் பயிற்சியாளர் சம்பத் சார் இன்று பயிற்சி முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "எழிலு, ரெடியா இர்றா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும்.

கிளவுஸ் இரண்டு ஜோடியையும் குழந்தைகள் ஷாம்பூ போட்டு அலசி நிழலில் காயவைத்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். வியாசர்பாடி முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 31, வியாழன்

வீரர்களை வாங்குவதற்கான கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. மூன்றரைக்கு எல்லோருடைய போனிலும் செய்தி வந்தது. நெய்தல் எஃப்.சி. ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு கோல்கீப்பரை வாங்கியிருக்கிறது. பெயர் ரெஜின். வயது பதினெட்டு. பெரியவர்கள் அணியில் ஆடியது மொத்தமே ஆறு ஆட்டம்.

முதலாளியின் மகன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்தாராம். ஒரு போட்டியில் இந்தப் பையன் தொடர்ந்து நான்கு பெனால்டிகளைப் பிடித்தது. ஐம்பத்து நான்கு விநாடி ஓடுகிறது. கேமரா கோணம் சரியில்லை, ஒன்றும் விளங்கவில்லை. பதினொரு முறை பார்த்தேன்.

இன்றே அறிவிப்புப் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டினார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் அணி இந்த வருடம் தற்காலிகமாக இல்லை. இருபத்திரண்டு பையன்கள்.

அம்மா போன் செய்து, "சாப்ட்டியாடா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

எனக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 2, சனி

எடை 73.

அவனை என் அறையில்தான் போட்டிருக்கிறார்கள். விடுதியில் காலியாக இருந்த கட்டில் அது ஒன்றுதானாம்.

நெட்டையாக, கறுப்பாக, தோள் அகன்று இருக்கிறான். குமரிக் கடற்கரையில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு மீனவ ஊர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். கையில் ஒரு பொட்டலம்.

"அண்ணேன், இது அம்மை தந்துவிட்டது. நெத்திலி. பொரிச்சாச்சு, அப்பிடியே திங்கலாம்."

ஒரு கோடிக்கு வந்தவன் கருவாட்டோடு வந்து நிற்பான் என்று நான் நினைக்கவில்லை. வாங்கி வைத்தேன்.

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தச் செவரோரக் கட்டில நான் எடுத்துக்கிடட்டா?" என்றான். அது நான்கு வருடமாக என் கட்டில். எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

நெத்திலி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சம்பத் சார் வழக்கமான பயிற்சியைத்தான் வைத்தார். பதினாறு கெஜத்தில் மூன்று பேர், ஆளுக்கொரு பந்து. யார் அடிப்பார்கள் என்று கீப்பருக்குச் சொல்வதில்லை. பத்துப் பந்தில் நான் ஆறு பிடிப்பேன். மெல்வின் அண்ணன் நல்ல நாளில் ஏழு.

ரெஜின் போய் நின்றான். கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பி நிற்கிறான். தப்பான நிலை, திருத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பந்து வலது மூலைக்கு, தரையோடு. பிடித்தான். இரண்டாவது நேராகத் தலைக்கு மேல். பிடித்தான். மூன்றாவதை எங்கள் முன்கள வீரர் முழுப் பலத்தோடு அடித்தார். அது கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போகவேண்டிய பந்து. உலகத்தில் யார் நின்றாலும் அது கோல்தான்.

அதையும் பிடித்தான். தட்டிவிடவில்லை, பிடித்துவிட்டான்!

எனக்குத் தெரிந்த கீப்பர்கள் எல்லோரும் பந்தின் பின்னால் பாய்வார்கள். நானும் அப்படித்தான். இவன் பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுகிறான். அடிக்கிறவரின் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே அவன் உடம்பு கிளம்பியிருக்கிறது. பந்து தானாக வந்து அவன் கையில் உட்காருகிறது.

பத்துக்கு ஒன்பது. மறுபடி பத்துக்கு ஒன்பது. அடுத்து பத்துக்குப் பத்து.

பக்கத்து வலையில் என்மேல் பந்தடித்துக்கொண்டிருந்தவர்களை மறந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பந்து என் வயிற்றில் வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, அவர்களும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பத் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சர்ச் வாசலில் நிற்பவர்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது வருடமாக இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த வேலை இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்றும்.

செப்டம்பர் 8, வெள்ளி

எடை 73. தூக்கம் ஐந்து மணி நேரம். வெயில்.

பயிற்சி ஆட்டம். முதல் பாதி முழுக்க ஒரு பந்துகூட அவனைத் தாண்டவில்லை. இரண்டாம் பாதியில் அவனுக்கு இடப்பக்கத்திலிருந்து ஒரு கார்னர் வந்தது. மிக எளிதான பந்து, பதினைந்து வயதுப் பையன்கூடப் பிடிப்பான். ரெஜின் கையை நீட்டினான், கை காற்றில் துழாவியது, பந்து அவன் காதை ஒட்டிப் போய்விட்டது. கோல்.

"சின்னப் பையன்தானே" என்றார்கள். நான் கிளவுஸைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் கிளவுஸ் போட்டுக்கொள்வேன். அது பழக்கம், வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

துணி துவைத்தேன். ஷூவின் அடிப்பகுதி விட்டுப்போயிருந்தது, ஒட்டக் கொடுத்தேன். அம்மா பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் வேலை முடித்துவிட்டு, பேருந்து ஏறி கேளம்பாக்கம் விடுதி வரை வந்து மீன்குழம்பு கொடுத்துவிட்டுப் போனாள். ரெஜினைப் பார்த்து, "இந்தப் புள்ளதானா? இன்னாடா இது, மொளச்சி மூணு எல வுடல!" என்றாள். அவன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். போகும்போது அவள் என்னிடம் ரகசியமாக, "கோவப்படலாம்னு வந்தேன்டா. முடில" என்றாள்.

சாயங்காலம் கேண்டீனில் அவனுக்கு டீயை நீட்டினேன். வாங்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டே இருந்தான், சிரித்துக்கொண்டே இருந்தான், டீ நீட்டிய கை மட்டும் அந்தரத்தில் நின்றது. நான் அவனுக்கு இடப்பக்கம் நின்றேன்.

வலப்பக்கம் போய் நீட்டினேன். உடனே வாங்கிக்கொண்டான்.

அறைக்கு வந்ததும் இடப்பக்கமிருந்து அவன் தோளுக்கு அருகில் என் கையை மெல்ல ஆட்டினேன். காதுக்கு அருகில் கொண்டுபோனேன். அவன் ஷூ லேஸை முடிந்துகொண்டே இருந்தான்.

செப்டம்பர் 13, புதன்

கேட்டுவிட்டேன்.

காலையில் மைதானத்துக்கு நடந்துபோகும் வழியில் வலப்பக்கமாக வந்து கேட்டேன். "ரெஜின், இடது கண்ணு தெரியுமா உனக்கு?"

அவன் நின்றான். முகம் வெளிறிவிட்டது. சுற்றிப் பார்த்தான், தலை முழுக்கத் திரும்பியது.

"வெளிச்சம் தெரியும்ணே. கஞ்சித்தண்ணிக்குள்ள கூடிப் பாக்குத மாதிரி. ஆளு நிக்குதுன்னு தெரியும், ஆருன்னு தெரியாது."

பதினொரு வயதில் கடற்கரையில் ஆடும்போது ஒருவன் அடித்த பந்து கண்ணில் பட்டதாம். நல்ல பந்தில்லை, ஓட்டையில் கந்தல் திணித்துத் தைத்த பந்து. இரண்டு நாள் வீங்கியிருந்து வற்றிவிட்டது. கண் மெல்ல மெல்ல மங்கியது. அப்பா கடலுக்குப் போயிருந்தார், அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆடவிடமாட்டார்கள்.

"கிளப் டெஸ்ட்ல எப்படிப் பாஸ் பண்ண?"

"வலது கண்ணால ஒருக்கா வாசிச்சேன். மனசுல இருந்துது. பின்ன கைய மாத்திப் பொத்துனேன், ஆனா பொத்துனது அதே இடது கண்ணத்தான். டாக்டரு போன்ல பேசிக்கிட்டு நின்னாரு."

அகாடமியில் எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை கண், பல், எலும்பு எல்லாம் பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு சொத்தைப் பல் இருந்ததுகூட இந்த கிளப்பின் கோப்பில் இருக்கிறது. ஒரு கோடியே பத்து லட்சம் கொடுத்து வாங்கியவனின் கண்ணை யாரும் பார்க்கவில்லை. கெடு முடிய இரண்டு மணி நேரம்தான் இருந்ததாம்.

ஆனால் நான் அவனிடம் கேட்டது வேறு. "அப்போ அந்தப் பந்தெல்லாம் எப்படிடா புடிக்கிற?"

அதைக் கேட்டதும் அவன் பயம் போய்விட்டது. விளையாட்டைப் பற்றிப் பேசும்போது அவன் முகமே வேறாகிவிடுகிறது.

"பந்தப் பாக்காண்டாம்ணே. பாத்தாலும் எனக்குத் தூரம் தெரியாது. ஆளப் பாக்கணும். அடிக்காத கால் எங்க ஊனுதான், இடுப்பு எங்க திரும்புது, மூச்ச எப்பம் பிடிக்கான். அதுல எல்லாம் இருக்கு. அடிச்ச பெறவு சத்தம் கேக்கும்லா? பெருவிரல்ல பட்டா ஒரு சத்தம், மேல்பாதத்துல பட்டா வேற. அதுக்குள்ள நான் பாதி வழி போயிருப்பேன்."

ஒரு கண்ணோடுதான் அவன் அதைச் செய்துகொண்டிருந்தான். பத்துக்குப் பத்து.

"யாருகிட்டயும் சொல்லாண்டாம்ணே" என்றான். "ஊருல வீட்டுக்குக் கல்லு போட்டாச்சு."



செப்டம்பர் 14, வியாழன்

எல்லோரும் போன பிறகு பார்த்திபனைக் கூப்பிட்டுப் பந்தடிக்கச் சொன்னேன். பார்த்தி என்னோடு அகாடமியில் வளர்ந்தவன், இப்போது பின்களத்தில் இடப்பக்கம் ஆடுகிறான். இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பத்தில் ஒன்று பிடித்தேன். இரண்டு என் மூக்கில் பட்டன. பந்து எப்போது வந்துசேரும் என்றே தெரியவில்லை.

மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது, ஆச்சரியத்தில். பார்த்தி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

சொல்லவேண்டும். சொன்னால் சனிக்கிழமை கோலில் நான் நிற்பேன். அதனால்தான் சொல்ல முடியவில்லை. எனக்கு லாபம் வரும் ஒரு உண்மையை நான் எந்த முகத்தோடு சொல்வது?

இப்படி எழுதிவிட்டேன். இது முழுக்க உண்மையா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 16, சனி

முதல் லீக் ஆட்டம். சொந்த மைதானம். ஆறாயிரம் பேர்.

ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் பார்த்தியிடம் சொன்னேன். "லெஃப்ட்ல கார்னர் வந்தா முதல் கம்பத்துப் பந்த நீயே எடுத்துடு. அவனுக்குக் கத்திச் சொல்லு. அந்தப் பக்கம் அவனுக்குக் கொஞ்சம் காது மந்தம்."

பார்த்தி என்னை ஒரு நிமிடம் பார்த்தான். "காது மந்தமா? இல்ல கண்ணு மந்தமா?"

நான் கிளவுஸை மாட்டிக்கொண்டேன்.

"சரி மச்சி" என்றான். "நான் பாத்துக்கறேன்." பின்களத்தில் ஆடும் மற்ற இரண்டு அகாடமிப் பையன்களிடமும் ஏதோ சொன்னான். அவர்களும் தலையாட்டினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆட்டம் முழுக்க இடப்பக்கம் மூன்று பேர் ஒரு சுவர் மாதிரி நின்றார்கள். மற்ற எல்லாவற்றையும் ரெஜின் பார்த்துக்கொண்டான். எழுபத்தெட்டாவது நிமிடம் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் நாட்டு அணிக்கு ஆடியவர். ஓடிவந்து, நடுவில் ஒரு கணம் தயங்கி, ரெஜினின் இடப்பக்கம் திருப்பி அடித்தார். ரெஜின் அந்தத் தயக்கத்துக்கே இடப்பக்கம் போய்விட்டான். பந்து அவன் நெஞ்சில் பட்டுத் தரையில் விழுந்தது, அதன்மேல் படுத்துக்கொண்டான்.

ஆறாயிரம் பேரும் முதலில் சத்தமே போடவில்லை. என்ன நடந்தது என்று புரியவே ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த மூச்சு நேர அமைதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதன் பிறகு எழுந்த சத்தத்தில் என் காது அடைத்துப்போனது.

1-0. ஜெயித்தோம். நான் அழுதேன். ஜெயித்ததற்காக என்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 20, புதன்

நாளிதழில் முதலாளி பேட்டி: "இளைஞர்கள்மீது துணிந்து முதலீடு செய்கிறோம்." பக்கத்தில் ரெஜினின் படம்.

பதினைந்து வயது அணிப் பையன்கள் ஷூ, ஜெர்ஸியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். பிறகு வேலிக்கு வெளியே நின்று ரெஜினின் பயிற்சியைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். தங்கள் அணியைக் கலைத்த பணத்துக்கு வந்தவன் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கைதட்டினார்கள்.

அம்மா: "உன்ன எப்போடா எறக்குவாங்க?" தெரியாது என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

அறுபத்தொன்றாவது நிமிடம். உயரமாக வந்த பந்துக்கு ரெஜின் எழும்பினான். எதிரணி வீரரும் எழும்பினார். அவர் முழங்கை ரெஜினின் வலது புருவத்தில் பட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. ரத்தம். எங்கள் டாக்டர் ஓடிப்போய்த் துடைத்து, கட்டுப் போட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்று தலையாட்டினான். ஆட்டம் தொடர்ந்தது.

பெஞ்சிலிருந்து பார்த்தேன். வலது கண் வீங்கி மூடிக்கொண்டே வந்தது.

அறுபத்து நான்கில் அவர்களின் பத்தாம் எண் வீரர் தனியாக உள்ளே வந்துவிட்டார். பார்த்தி பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினான்: "ரெஜின், ரைட்டு! ரைட்டு!" அடி விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. ரெஜின் அந்தச் சத்தத்தை நோக்கிப் பறந்தான். உண்மையாகவே பறந்தான். இரண்டு கையும் முழுக்க நீண்டு, விரல் நுனியில் பட்ட பந்து மேல்கம்பத்தில் மோதி வெளியே போயிற்று.

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. எதிரணி வீரர் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே முட்டிபோட்டார். கால்பந்தில் இதற்கு மேல் ஒன்றைப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவன் எழுந்தான். எழுந்து, வலையைப் பார்த்துத் திரும்பி நின்றான். மைதானத்துக்கு முதுகு. கையை முன்னால் நீட்டி இரண்டடி வைத்து, கம்பத்தைத் தேடினான்.

நான் கோட்டுக்குள்ளேயே நடுவரை நோக்கி ஓடிவிட்டேன். "சார்! அவனுக்கு எடது கண்ணு தெரியாது! இப்போ ரெண்டும் இல்ல சார்! ஆட்டத்த நிறுத்துங்க!" எல்லோருக்கும் கேட்டது. கேமராவுக்கும் கேட்டிருக்கும்.

அவனை வெளியே கூட்டிவந்தார்கள். என்னை இறக்கினார்கள். நான் ஏற்கெனவே கிளவுஸ் போட்டிருந்தேன். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

மிச்ச ஆட்டம் நான் நின்றேன். 0-0.

செப்டம்பர் 24, ஞாயிறு

கண் மருத்துவமனை. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு வாரம் அசையாமல் இருந்தால் சரியாகும் என்றார் டாக்டரம்மா. பிறகு இடது கண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"இது அடிபட்டதுல வந்த புரை. உள்ள நரம்பெல்லாம் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது. ஏழு வருஷமா ஒருத்தர்கூடவா பாக்கல?"

எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், பார்வை எவ்வளவு திரும்பும் என்று எடுத்த பிறகுதான் சொல்லலாம் என்றார்.

இரண்டு கண்ணிலும் கட்டோடு ரெஜின் படுத்திருந்தான். என் காலடிச் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டான்.

"சொல்லிட்டியளேண்ணே."

அதற்குப் பிறகு பேசவில்லை.

செப்டம்பர் 27, புதன்

மேலாளர் வைதேகி மேடம் கூப்பிட்டார். சம்பத் சாரும் இருந்தார். மேசைமேல் இரண்டு தாள். ஒன்று எனக்கு: முதல் கோல்கீப்பராக இரண்டு வருட ஒப்பந்தம். இன்னொன்று வக்கீல் எழுதியது: ரெஜின் தன் குறையை மறைத்து கிளப்பை ஏமாற்றினார், அது ஆட்டத்தன்றுதான் எனக்குத் தெரியவந்தது. இதில் நான் கையெழுத்துப் போட்டால் அவன் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவார்கள்.

"ரெண்டுலயும் போட்டுடுங்க எழில்" என்றார்.

இரண்டாவது தாளில் "ஏமாற்றினார்" என்பதை அடித்தேன். கீழே எழுதினேன்: செப்டம்பர் 13 முதல் எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

மேடம் எதுவும் சொல்வதற்கு முன் சம்பத் சார் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். என் வரிக்குக் கீழே எழுதினார்: செப்டம்பர் 4 முதல் எனக்குத் தெரியும்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு தெரியுதா?" என்றார் மேடம்.

"தெரியுதும்மா" என்றார் சம்பத் சார். "வாங்கின அன்னிக்கி அவன் கண்ண எத்தினி நிமிஷம் பாத்தோம்னும் அதுலயே எழுதிக்கலாமா?"

மேடம் அந்தத் தாளை மட்டும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சாரிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தோரு வருஷமா கோலு பக்கத்துல நிக்கறேன்டா. அந்த மாதிரி ஒன்ன நான் பாத்ததே இல்ல. சொன்னா நின்னுபூடும். இன்னும் ஒரு நாள் பாத்துட்டு சொல்லுவோம், இன்னும் ஒரு நாள்னு... தப்புதான். பெரிய தப்பு."

நானும் அதற்காகத்தான் சொல்லாமல் இருந்தேனா? அவன் ஒருநாள் தானாக மாட்டிக்கொள்ளட்டும் என்று எனக்குள் ஒருவன் காத்துக்கொண்டும் இருந்தான். இரண்டு பேரும் நான்தான்.

அக்டோபர் 7, சனி

எடை 74.

ரெஜினை வெளியே அனுப்பவில்லை. கொடுத்த பணம் திரும்ப வராது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட அகாடமி அணியில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு.

வலது கண் கட்டை இன்று எடுத்தார்கள். அழைத்துவரப் போனேன். ஆட்டோவில் பாதி வழியில் தானாகப் பேசினான்.

"அன்னைக்குக் கம்பத்தக் காணல்லண்ணே. எங்க நிக்கேன்னே தெரியல்ல. நடுக்கடல்ல வீந்த மாதிரி. நீங்க கத்துனது கேட்டப்பம்தான் கர எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது."

பிறகு கேண்டீனில் இன்று என்ன சாப்பாடு என்று கேட்டான்.

அக்டோபர் 19, வியாழன்

புரை எடுத்தார்கள். நாற்பது நிமிடம். அவன் அம்மா பேருந்தில் வந்திருந்தார். வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 20, திங்கள்

ஏழு ஆட்டம் ஆகிவிட்டது. நான்கில் கோல் வாங்கவில்லை. பார்த்தி ஒரு செய்தித்தாள் துண்டை என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறான். கிழிக்கவேண்டும், நேரமில்லை.

முதலாளியின் மகன் ஜனவரியில் வாங்குவதற்கு இன்னொரு வீடியோ அனுப்பியிருக்கிறார். பதினேழு வயது முன்கள வீரன். சம்பத் சார் முழுக்கப் பார்த்துவிட்டு, "பையன் நல்லா கீறான். முதல்ல ரெண்டு கண்ணையும் காட்டச் சொல்லுங்க" என்றாராம். பதினைந்து வயது அணியைப் பற்றிப் பேச்சே இல்லை.

டிசம்பர் 4, திங்கள்

எடை 75. தூக்கம் எட்டு மணி நேரம்.

இன்று ரெஜின் மறுபடி கோலில் நின்றான். டாக்டரம்மா அனுமதித்துவிட்டார். இடது கண்ணில் முக்கால்வாசிக்கு மேல் பார்வை வந்துவிட்டது. அடிபட்டால் ஆபத்து, எனவே பாதுகாப்புக் கண்ணாடி. காலை ஏழு மணி, மைதானத்தில் பனி இன்னும் காயவில்லை. அவன், நான், சம்பத் சார்.

இருபது கெஜத்திலிருந்து மெதுவாக ஒன்று அடித்தேன். அவனுக்கு நேராக. அவன் கையைத் தூக்கவே இல்லை. பந்து அவன் இடுப்பை ஒட்டி வலைக்குள் போயிற்று.

இன்னொன்று. அதுவும் போயிற்று. மூன்றாவது, நான்காவது. புரையை எடுத்ததோடு இருந்த திறமையும் போய்விட்டதா? சம்பத் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கிட்டே ஓடினேன். "என்னடா? கை வலிக்குதா? தெரியலையா?"

கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் நனைந்திருந்தன.

"தெரியுதுண்ணே. வாறது தெரியுது."

"அப்புறம் ஏன் புடிக்கல?"

"இதுவரைக்கும் பந்து பெருசாவும்ணே, அவ்ளோதான். பெருசாவும், நான் கை வைப்பேன். இப்பம் அங்கேருந்து கெளம்பி இங்க வாறது தெரியுது. நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு!" கையை விரித்து எனக்கும் பெனால்டி புள்ளிக்கும் நடுவே இருந்த வெறும் காற்றைக் காட்டினான். "சின்னதுல பாத்தது. மறந்தே போச்சு. இன்னும் அடிங்கண்ணே. மெதுவா. நான் பிடிக்கமாட்டேன்."

திரும்பிப் போய் அடித்தேன். உயரமாக ஒன்று, தரையோடு ஒன்று, சுழன்று வளைந்து வரும்படி ஒன்று. வளைந்து வந்ததைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு பந்தைக்கூடத் தடுக்கவில்லை. மறுபடி ஒழுங்காகப் பிடிக்க எத்தனை மாதம் ஆகும், அந்தப் பழைய வித்தை இந்தக் கண்களோடு ஒத்துவருமா, யாருக்கும் தெரியாது. நாளை கேட்கலாம்.

பந்துகள் தீர்ந்தன. அவன் வலைப்பக்கம் திரும்பவே இல்லை. கைகளைத் தொங்கவிட்டு, வாய் லேசாகத் திறந்தபடி, அடுத்தது எங்கிருந்து கிளம்பும் என்று என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் வலைக்குள் போய் எல்லாப் பந்தையும் உருட்டிக்கொண்டு வந்து, முதலிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தேன்.